ஒத்தி வீட்டுக்காக விற்ற அண்டா

இருளம்மாளின் வீட்டில் எவர்சில்வர் குடம் மட்டும் ஒன்பது இருந்தது. ராஜபாளையத்தில் அவள் குடியிருந்த தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். வந்தாலும் மூன்று குடம் நிரம்புவதற்குள் நின்றுவிடும். மிச்சம் ஆறு குடங்களும் கல்யாணமான நாளிலிருந்து, அதாவது இருபத்திரண்டு வருடமாக, பரணில் கவிழ்ந்து கிடந்தன. கல்யாணத்துக்கு வந்த சனம் பூராவும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் போய் நின்றது போல ஆளுக்கொரு குடம் வாங்கி, கழுத்தில் பேரை வெட்டி, மேடையில் கொடுத்து, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மனுசருக்காவது இட்லிக் கொப்பரை வாங்கித் தரத் தோன்றவில்லை. அதை அவள் சொந்தக் காசில்தான் வாங்கினாள்.

குடத்தோடு முடிந்தால் பரவாயில்லை. டிபன் கேரியர் நாலு, கவர்மெண்டு கொடுத்த மிக்சி ஒன்று, அதன் அட்டைப்பெட்டியைக் கூடப் பிரிக்கவில்லை. கவர்மெண்டு கிரைண்டர், படம் தெரியாத பெட்டி டிவி, பெல்ட் அறுந்த தையல் மெஷின், காலில்லாத ஒரு கட்டில். இத்தனையும் ஒற்றை அறையில். அந்த அறைக்குள்தான் இருளம்மாளும், வாடகைக்குக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற அவள் புருசன் மாரீஸ்வரனும், நர்சிங் படிக்கிற மகள் சத்யப்பிரியாவும் வருடக்கணக்காக ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இருளம்மாள் பேண்டேஜ் துணி கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போகிறவள். அங்கே ஒரு துணியைப் பன்னிரண்டாக மடித்துச் சின்ன உறைக்குள் வைப்பார்கள். தன் குடும்பத்தையும் அப்படித்தான் மடித்து வைத்திருப்பதாக அவளுக்குச் சில சமயம் தோன்றும்.

சித்திரை மாதத்தில் மாரீஸ்வரன் ஒரு சேதி கொண்டுவந்தான். செட்டியார்பட்டியில் ஒரு வீடு ஒத்திக்கு வருகிறது. மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வாடகை என்ற பேச்சே கிடையாது, காலி பண்ணும்போது கொடுத்த பணம் அப்படியே கைக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார், தொந்தரவு இல்லை. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் ஆவணி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆவணி பிறந்தும் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

போய்ப் பார்த்தார்கள். மாரீஸ்வரன் வண்டி நிறுத்த இடம் பார்த்தான். சத்யப்பிரியா போனில் சிக்னல் பார்த்தாள். வீடு பார்க்கப் போகிற பெண்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்கள். இருளம்மாள் நேரே பின்பக்கம் போனாள். அங்கே தனி வாசலோடு சின்னதாக ஓர் அறை, பழைய விறகும் சாக்கும் போட்டுவைத்த அறை. அதற்குள் நின்று, கையை விரித்து விரித்து, ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்று அளந்தாள். இருந்தது. கட்டில் போட்டு, தலைமாட்டில் ஒரு ஸ்டூலும் போடலாம்.

"இந்த வீடுதான்" என்றாள்.

அந்தக் கட்டில் அவள் தாய்மாமன் ஆவுடையப்பனுக்கு.

ஆவுடையப்பன் கூமாப்பட்டிக்காரர். கல்யாண வீடுகளுக்குச் சமையல் செய்கிறவர். இருளம்மாளின் அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. சேத்தூரில் அவள் அப்பா வருடம் திரும்புவதற்குள் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். புதிதாக வந்தவள் கெட்டவள் இல்லை, ஆனால் அடுத்தவள் பிள்ளைக்குத் தலை சீவிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை மாமா கூமாப்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி வருவார். கையில் கல்யாண வீட்டு லட்டு, பூந்தி, சில சமயம் ஈரம் காயாத வாழையிலையில் கட்டின தேங்காய் சாதம். வந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தனக்குத் தெரிந்த மாதிரி கோணலாக ஒரு சடை பின்னிவிட்டு, கடைசி பஸ்சுக்கு முந்தின பஸ்சைப் பிடித்துப் போய்விடுவார்.

அவள் வயதுக்கு வந்தபோது சடங்குக்குச் சீர் கொண்டுவந்தார். தாய்மாமன் சீர் என்றால் மற்றவர்கள் மேளத்தோடும் முப்பது தட்டோடும் வருவார்கள். இவருக்கு ஆள் ஏது? சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் தன்னந்தனியாக இறங்கி, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து, நெஞ்சோடு ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். இறங்கும்போது பஸ் படியில் அண்டா இடித்து ஓர் ஒடுக்கு விழுந்துவிட்டது. அதைப் பார்த்து ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் சட்டை பண்ணவில்லை. அண்டாவின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: "இருளம்மாள் சடங்குக்கு தாய்மாமன் ஆவுடையப்பன் சீர்." பதினாலு கிலோ பித்தளை. ஒன்றரை வருடம் அடுப்படியில் வெந்து சேர்த்த காசு.

அக்காள் மகளை மாமன் கட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். அவள் அப்பாவே ஒரு நாள் கேட்டார். "தலை சீவிவிட்ட கையால எப்படி மச்சான் தாலி கட்ட?" என்று மாமா எழுந்துபோய்விட்டார். அதற்கப்புறம் அவர் யாரையும் கட்டவில்லை. கேட்டால் வேலைப் பளு என்பார். அவருடைய கல்யாண வயசும் காசும் இவளுடைய சடங்கிலும் கல்யாணத்திலும் போயிற்று என்று இருளம்மாளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போது மாமாவுக்கு அறுபத்தேழு வயது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, கண்ணில் புரை. போன பொங்கலுக்கு வந்தபோது, "இங்கயே இருந்துருங்க மாமா" என்று கையைப் பிடித்தாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"வயசுக்கு வந்த பிள்ள இருக்கா. இந்த ஒத்த ரூமுல நான் எங்கிட்டுட்டி காலு நீட்ட? தனியா ஒரு ரூம் கெடந்தா பாப்போம்."

பேச்சுக்குச் சொன்னாரோ மனசாரச் சொன்னாரோ, இருளம்மாள் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள். ஒத்தி வீட்டைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. முன்கூட்டியே சொன்னால் எனக்காக எதற்குச் செலவு என்று தட்டிக் கழிப்பார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கூப்பிட வேண்டும்.

சீட்டுப் பணமும் அடகு வைத்த வளையலும் சேர்ந்து இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் தேறியது. மீதிக்கு என்ன வழி என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தபோது சத்யப்பிரியாதான் பரணைக் காட்டினாள்.

"எம்மா, இதுல பாதி நமக்கு எதுக்கு? வித்துப்போடு. காசுக்குக் காசும் ஆச்சு, சாமான் தூக்குற வேலையும் மிச்சம்."

நல்ல யோசனை. அதைச் செய்த விதம்தான் கோளாறு. அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, 'விற்பனைக்கு' என்று எழுதி, வாட்ஸப் ஸ்டேட்டசில் வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் சேத்தூரிலிருந்து சித்தி மகள் செல்வலட்சுமி போன் போட்டாள்.

"என்னக்கா, அத்தான் எங்கயும் கடன கிடன வாங்கிட்டாவளா? குடம் கேரியரெல்லாம் போட்டிருக்க?"

"கடனும் இல்ல ஒண்ணும் இல்ல. வேண்டாதத விக்கோம்."

"அப்படித்தான்க்கா எல்லாரும் மொதல்ல சொல்லுவாவ" என்று அவள் அழாத குறையாக ஆறுதல் சொன்னாள்.

ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வெளியே போகிறதென்றால் அந்தக் குடும்பம் நொடித்துப் போய்விட்டது என்று அர்த்தம். பட்டணத்தில் எப்படியோ, இங்கே அதுதான் கணக்கு. மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். இருளம்மாள் அலறியடித்து அந்தப் படங்களை எடுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு விற்றதெல்லாம் ஓசைப்படாமல்தான். கிரைண்டரைப் பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்து அம்மா "நேனே தீஸ்குண்டானு" என்று தெலுங்கில் சொல்லித் தானே முன்வந்து எடுத்துக்கொண்டார். மிக்சியைக் கம்பெனியில் ஒருத்தி வாங்கினாள். தையல் மெஷினும் டிவியும் எடைக்குப் போயின. பாத்திரங்களை மட்டும் ராஜபாளையத்தில் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய்விடலாம், அங்கே நம்மைத் தெரிந்தவர் யார் என்று நினைத்தாள்.

பாத்திரங்களுக்கு வரக்கூடியதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது இன்னும் ஆறாயிரம் இடித்தது. அன்று சாயங்காலம் அவள் பார்வை அண்டாவின் மேல் விழுந்தது. அரிசி கொட்டி வைத்திருந்தாள். அரிசியை எதில் வேண்டுமானாலும் கொட்டலாம்.

மாரீஸ்வரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"ஏட்டி, அது மாமா சீருல்லா?"

"மாமாவுக்குத்தான அந்த ரூமு? அவியளே அங்க வந்து இருக்கப் போறப்ப அண்டா என்னத்துக்கு?"

"கேட்டுட்டுச் செய்யி."

"கேட்டா வேண்டாம்பாவ. பொறவு ரூமும் வேண்டாம்பாவ."

அவள் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. அண்டா பெரிதா, ஆள் பெரிதா? யாரைக் கேட்டாலும் ஆள் என்றுதான் சொல்வார்கள். அரிசியைச் சாக்குக்கு மாற்றிவிட்டு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தாள். விற்கப் போகிற பாத்திரத்தை ஏன் இவ்வளவு தேய்க்கிறாள் என்று மகள் கேட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. பழியைப் புளியின் மேல் போட்டாள், கண்ணில் தெறித்துவிட்டதாம்.

ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரம், குட்டியானையில் தார்ப்பாயால் மூடி எல்லாவற்றையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். நவநீதகிருஷ்ணன் என்பவரின் பாத்திரக் கடை. பழைய பாத்திரத்துக்கு நியாயமான விலை போடுவார் என்று மாரீஸ்வரனுக்கு ஒரு லோடுமேன் சொல்லியிருந்தான். குடமும் கேரியரும் மளமளவென்று தராசில் ஏறி இறங்கின. அண்டாவை இருளம்மாள் கடைசியாக இறக்கினாள்.

நவநீதகிருஷ்ணன் விரலால் சுண்டிப் பார்த்தார். மணி மாதிரி அடித்தது.

"நல்ல கனம். எதுக்கும்மா இத விக்கிய?"

நொடித்துப்போனவள் என்று இவரும் நினைத்துவிடக் கூடாது. இருளம்மாள் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

"வீடு மாத்துதோம் அண்ணாச்சி. வேண்டாத சாமானக் கழிச்சுக் கட்டுதோம்."

"ஓ, சரி சரி."

"அந்தப் பேர மட்டும் அழிச்சிருங்க அண்ணாச்சி."

"உருக்குக்குப் போற சாமானுக்கு எதுக்கும்மா பேர அழிச்சுக்கிட்டு? ஒரு வாரத்துல இது குத்துவிளக்கா மாறிரும்."

அவள் நம்பினாள். அத்தனை கெட்டியான அண்டாவை எந்த வியாபாரியும் உருக்க மாட்டான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கடையின் பின்கட்டில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பாத்திரங்கள் அடுக்கியிருந்ததை அவள் எட்டிப் பார்க்கவில்லை. தெரிந்தவர் யாருமில்லாத ஊர் என்று வந்தவளுக்கு, கல்யாண வீட்டுப் பாத்திரத்தோடேயே காலம் தள்ளுகிற ஒருவர் வாரம் இரண்டு முறை அந்தத் தெருவுக்கு வந்துபோகிறார் என்பது ஞாபகம் வரவில்லை.

ஆவணி பிறந்தது. மூன்று லட்சத்தைக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கினார்கள். இரண்டாம் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. பின்பக்கத்து அறைக்கு இருளம்மாளே சுண்ணாம்பு அடித்தாள். அதன் பிறகு மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, வெள்ளிக்கிழம காலைல செட்டியார்பட்டிக்கு வந்துருங்க. என்ன ஏதுன்னு நேர்ல சொல்லுதேன். ஒங்களுக்கு ஒரு சாமான் வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"வேல இருக்கு தாயி. நல்லா இருங்க."

'நல்லா இருங்க.' அவர் அவளை வாழ்நாளில் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. ஏட்டி, கழுத, மூதி, இவைதான் அவர் அவளுக்கு வைத்த பேர்கள். சமையல்கட்டில் ஆட்கள் நடுவில் நிற்கிறாராக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்த வீட்டு ஆள் உப்பும் மஞ்சளும் கொண்டுவந்து முதலில் உள்ளே வைக்க வேண்டும். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருத்தர்தான். நல்ல நேரம் முடிகிறது என்று மாரீஸ்வரன் அவசரப்படுத்தினான். பால் பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். அவளுக்குக் குலவை வாயில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூமாப்பட்டிக்குக் கிளம்பினாள். பெண்களுக்கு டவுன் பஸ்சில் டிக்கெட் கிடையாது. ஆனால் திரும்பி வரும்போது மாமாவுக்கு எடுக்க வேண்டும். அதற்காக ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றைத் தனியாக மடித்துப் பர்சின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள். அவருக்குத் துணிமணி அதிகம் கிடையாது, ஒரு பை போதும். இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வத்திராயிருப்பு தாண்டும்வரை அவள் மனசுக்குள் அந்தப் பையைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா குடியிருந்தது ஒரு பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, துண்டால் தட்டினார். "உக்காருங்க."

அவர் வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. அடுப்புப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவர் வதக்குவதிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்பாள். இருளம்மாள் நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். நின்றுகொண்டே பேசினாள்.

"மாமா, என்ன ஆச்சு? ஏன் இப்படிப் பேசுதிய? நான் வீடு பாத்திருக்கேன் மாமா. ஒத்திக்கு. பின்னாடி ஒங்களுக்குன்னு தனி ரூமு. தனி வாசலு. சாவி இந்தா இருக்கு. ஒங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சந்தோசம்" என்றார் அவர். நிஜமாகவே சந்தோசம் மாதிரிதான் இருந்தது குரல். ஆனால் சாவியைத் தொடவில்லை.

அறையின் இருட்டுக்கு அப்போதுதான் அவள் கண் பழகியது. மூலையில், ஈரத் துண்டு போர்த்தி, அண்டா இருந்தது. பஸ் படியில் இடித்த ஒடுக்கு வாசல் பக்கமாகத் திரும்பியிருந்தது.

இருளம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொத முகூர்த்தத்துக்கு வில்லிபுத்தூர்ல ஒரு கல்யாணம்" என்று மாமா சொல்லத் தொடங்கினார், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. "வாடகப் பாத்திரம் வந்து எறங்குச்சு. ரசத்துக்குன்னு ஒரு அண்டாவப் பய உருட்டிட்டு வாரான். எனக்குக் கண்ணு எங்க தெரியுது? கைய வச்சேன். ஒடுக்கு தட்டுப்பட்டுச்சு. எத்தன அண்டாவுக்கு ஒடுக்கு இருக்கும், இருக்கட்டும்னுட்டேன். பொறவு வெளிம்பத் தடவுனேன்." அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "ரசம் நல்லாத்தான் வந்துச்சு. எல்லாரும் நல்லாருக்குன்னாவ."

"மாமா..."

"மறுநா கடைக்குப் போனேன். ஒனக்கு எதுவும் கஷ்டமோ, எனக்குச் சொல்லாம கொள்ளாம மருகுதியோன்னு பயந்து போய்த்தான் கேட்டேன். கஷ்டமெல்லாம் இல்ல, வேண்டாத சாமான்னு சிரிச்சுக்கிட்டே போட்டுட்டுப் போனாவன்னு சொன்னாரு."

அந்தச் சிரிப்பு எதற்காக என்று இப்போது விளக்கினால் யாருக்குப் புரியும்? இருளம்மாள் அண்டாவின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பின்பக்கத்து அறையை, கையை விரித்து அளந்ததை, ஆறாயிரம் இடித்ததை, சொல்லாமல் செய்தால்தான் வருவார் என்று நினைத்ததை. அவள் முடித்ததும் மாமா மெல்லக் குனிந்து, முழங்கால் வலியோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசமாவா?"

"ஒங்க மேல ஆணையா மாமா. அதுக்குத்தான். கோவத்த விட்டுட்டு வாங்க."

"கோவம் போயிட்டுட்டி" என்றார். பழைய குரல் வந்துவிட்டது. அவளுக்கு உயிர் வந்தது.

"அப்ப கெளம்புங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"இனி எப்படி வர? நான் குடுத்த சீர வித்து வாங்குன எடத்துல நானே போயி ஒக்காந்தா, குடுத்தத திருப்பி வாங்குன மாதிரில்ல ஆவும்? பிள்ளைக்குக் குடுத்தத மாமங்காரன் திருப்பித் தொடலாமா? அப்படித் தொட்டா அதுக்குப் பேரு சீரு இல்லட்டி, கைமாத்து."

"ஆறாயிரந்தான் மாமா அது. மிச்சம் பூரா எங்க காசு."

"அப்ப எது ஒங்க செங்கல்லு, எது என் செங்கல்லுன்னு பாத்து வெலகி வெலகிப் படுக்கவா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படாத. இந்த ஆவணியோட கரண்டியக் கீழ போட்டுட்டு ஒன் வீட்டுக்கு வந்துரலாம்னுதான் இருந்தேன். ஒத்த ரூமா இருந்தா என்ன, வாசல்ல படுத்துக்கிட்டாப் போச்சுன்னு. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு கொஞ்சம் காசு சேத்து வச்சிருந்தேன். அதத்தான் கடைக்காரருகிட்டக் குடுத்து இத மீட்டேன்."

இருளம்மாளால் அழக்கூட முடியவில்லை. வாசலில் படுக்கத் தயாராக இருந்த மனுசருக்கு அறை தேடி அலைந்து, அந்த அலைச்சலிலேயே அவர் வருகிற வழியை அடைத்துவிட்டாள். யாரும் அவளை ஏமாற்றவில்லை, யாரும் கெடுதல் நினைக்கவில்லை. அவளே, தன் கையாலேயே, அத்தனை பிரியத்தோடு.

மத்தியானம் வரை மன்றாடிப் பார்த்தாள். அண்டாவைத்தான் மீட்டாயிற்றே, கணக்கு நேராயிற்றே என்றாள். மீட்டது என் காசு, வித்தது ஒன் கை, அது நேராகாது என்றார். அவர் பிடித்தால் பிடித்ததுதான். சுடச்சுட வெண்டைக்காய் வதக்கிச் சோறு போட்டார். வேண்டாம் என்றவளை அதட்டிச் சாப்பிட வைத்தார். பிறகு அண்டாவின் மேலிருந்த துண்டை எடுத்தார்.

"இத எடுத்துட்டுப் போ. ஒன்னோடதுதான். படிச்சுப் பாரு."

போன் வெளிச்சத்தில் பார்த்தாள். பழைய வரி அப்படியே இருந்தது, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியது. அதன் கீழே இப்போதைய மிஷினால் வெட்டிய புது வரி ஒன்று: "இருளம்மாள் பால் காய்ச்சுக்கு தாய்மாமன் ஆவுடையப்பன் சீர்."

"வீடு மாத்துதாவன்னு கடைக்காரரு சொல்லியிருந்தாரு. செட்டியார்பட்டின்னு நீ போன்ல சொன்னதுமே புது வீடுதான்னு வெளங்கிட்டு. வரத்தான் மனசு வரல. அதுக்காகச் சீரு இல்லாம விட முடியுமா?" என்றார் மாமா. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நான் கண்ண மூடிட்டா வந்து ஒடம்ப எடுத்துப்போடு. அது மட்டும் ஒனக்குப் பாத்தியம். அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை அண்டாவை அவரே தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. புரை விழுந்த கண்ணோடு, முழங்காலை இழுத்து இழுத்து, சேத்தூர்த் தெருவில் வந்த மாதிரியே வந்தார். முன்னைப் போலவே ரெண்டு பேர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"ஏட்டி, பாத்து ஏத்து. ஏற்கனவே ஒரு ஒடுக்கு இருக்கு" என்றார், பஸ் கிளம்பும்போது.

கண்டக்டர் வந்தார். அவளைப் பார்த்தார், சீட்டில் பக்கத்தில் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்த அண்டாவைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு டிக்கெட் இல்லக்கா. இதுக்கு லக்கேஜ் போடணும். ஒரு ஆளு எடத்த அடைச்சிருக்கு."

இருளம்மாள் பர்சின் உள்ளறையைத் திறந்தாள். மாமாவுக்கென்று மடித்து வைத்திருந்த ஐம்பது ரூபாய் அங்கே இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள்.

செட்டியார்பட்டி வந்து சேர்ந்ததும் அண்டாவை மாரீஸ்வரன் இறக்கினான். எங்கே வைக்க என்று கேட்டான். அவள் பின்பக்கத்து அறையைத் திறந்து, கட்டிலுக்காக அளந்து வைத்திருந்த இடத்தைக் காட்டினாள். அங்கே வைத்தான். அதைச் சுற்றி நிறைய இடம் மிச்சமிருந்தது.